ஊசி தொடாத இருபத்திரண்டு தையற்காரிகள்

அத்தியாயம் ஆறு

நல்லம்மா நாற்பது நாள் தையல் பயின்று தேறிவிட்டாள் என்று அரசாங்கத்தின் கணினி சாதித்தது. அந்தச் சுபசெய்தி எட்டாத ஒரே ஆள் நல்லம்மாதான். ஹந்தானை மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அவள், தையல் இயந்திரத்தைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மிஸ்,” என்றார் மஹ்ரூப். கண்டிப் பயிற்சி உதவிக் காரியாலயத்தில் அந்த மேசைக்கு அதிபதி அவர்.

“தானாச் சொல்லாதுங்க. யாராவது சொல்லிக்குடுத்தா அப்படியே ஒப்பிக்கும்,” என்றாள் பரிமளம்.

பதினேழு வருடம் அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞராக இருந்து, மனிதரைவிட முத்திரைக்கு மதிப்பு அதிகம் என்ற பாடத்தைக் கரைத்துக் குடித்தபின், கண்டியின் கொழும்பு வீதியில் ஒரு புடவைக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துபவள் அவள். அவளுக்குப் பின்னால் நின்று சுவரிலிருந்த திட்ட விளம்பரத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தவன் அவளுடைய உதவியாளன் முஹ்ஸின். வயது நாற்பது, சொந்தமாக ஓர் ஓட்டோ, ஓட்டோவுக்கு இருக்கும் பிரேக் வாய்க்கு இல்லை.

திட்டம் என்னவோ உத்தமமானதுதான். சிறு தொழில் நடத்துகிறவர்களும் அறநிலையங்களும் தங்கள் கூரையின் கீழேயே ஏழைகளுக்குத் தொழில் பழக்கலாம். ஆகும் செலவை அரசு ஏற்றுக்கொள்ளும். வகுத்தவர்களுக்கு நல்ல மனம் இருந்தது. அந்த மனத்துக்கு ஒரு கண் வைக்கத்தான் மறந்துபோனார்கள். உலகத்தில் எந்த நல்ல வேலையையும் காகிதத்திலேயே செய்து முடித்துவிடலாம் என்று கண்டுபிடித்த மேதைகள் நம் நாட்டில் ஏராளம். அவர்கள் அறநிலையம் என்று பலகை மாட்டிக்கொண்டால், காகிதத்துக்கு ஒரு மாலையும் விழும்.

கட்டுகஸ்தோட்டையில் பாடசாலைச் சீருடை தைக்கும் ரபீகா என்ற பெண்மணி இந்தத் திட்டத்தில் பத்துப் பேரைப் பழக்க அனுமதி பெற்றிருந்தாள். ஆறு மாதப் பயிற்சி. பிறகு நிரந்தர வேலை. ஒன்பது பெயர் ஏறிவிட்டது. பத்தாவதாக நல்லம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தை அடித்ததும் கணினி முகத்தைத் திருப்பிக்கொண்டது: ‘மலையொளி அறநிலையத்தில் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்.’ ஒருவருக்கு ஒரு தடவைதான் என்பது விதி. பதிவு இன்று நாலு மணிக்கு முடிகிறது. அதற்குள் வழி பிறக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

“அந்த நிலையமே கடிதம் தரணும் மிஸ்,” என்றார் மஹ்ரூப். “இவங்கட பேரு எங்கட பதிவேட்டில பிழையா வந்திட்டுது, இன்ன காரணம் எண்டு எழுதி, கையொப்பமும் முத்திரையும் வச்சுத் தந்தா, அடுத்த நிமிஷம் நான் பேர எடுத்துருவேன். காரணம் இல்லாத கடிதம் செல்லாது.”

“திருடினவன்கிட்ட போயி, திருடினேன்னு எழுதி முத்திரை குத்திக் குடுன்னு கேக்கணும். அப்படித்தானுங்களே?”

“பொலிஸுக்கும் இந்தச் சட்டத்தக் கொண்டுவந்தா நல்லா ஈக்கும் மிஸ்,” என்றான் முஹ்ஸின். “மறியல்ல கம்பி எண்ண ஒருத்தனும் ஈக்க மாட்டான். அந்தக் கட்டிடத்த வாடகைக்குக் குடுக்கலாம்.”

மஹ்ரூப் சிரிக்கவில்லை. ஆனால் கெட்ட மனிதரும் அல்லர். மலையொளி சமர்ப்பித்த வருகைப் பதிவேட்டின் பிரதியொன்றை மேசைமேல் வைத்துவிட்டு, தேநீர் குடிக்க எழுந்து போனார். பரிமளம் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கந்தோர்ப் பாஷையில் இதற்கு உதவி என்று பெயர்.

*

மலையொளி அறநிலையம் பேராதனை வீதியிலிருந்து மேலேறும் ஒரு கிளைத்தெருவில் இருந்தது. வாசற்சுவர் முழுவதும் தலைவர் சின்னமுத்துவின் படங்கள்: மாலையோடு சின்னமுத்து, பொன்னாடையோடு சின்னமுத்து, ரிப்பன் வெட்டும் சின்னமுத்து. தொண்டு பெற்றவர்களுடைய முகம் தேடினால்தான் கிடைக்கும். பெரும்பாலும் தலைவரின் முழங்கைக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும்.

பயிற்சி மண்டபத்தில் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள் பிளாஸ்டிக் உறை போர்த்தி வரிசையாக நின்றன. முஹ்ஸின் ஓர் உறையின் நுனியைத் தூக்கிப் பார்த்தான்.

“கலியாணப் பொண்ணு மாதிரி முக்காடு கலையாம ஈக்கிது மிஸ். இன்னும் யாரும் முகமே பாக்கல்ல போல.”

“வாருங்கள், வாருங்கள்!” என்று மேடைக்குரலில் வரவேற்றபடி வந்தார் சின்னமுத்து. முப்பது வருடம் அதே ஹந்தானைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்று அந்தக் கதிரையில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய மருமகன். “நல்லம்மாவா? நன்றி மறந்த பெண். நாற்பது நாள் வந்து பயின்றாள். இன்று வேறிடத்தில் வேலை என்றதும், வரவேயில்லை என்கிறாள். இந்த மக்களுக்கு நாம் எவ்வளவு செய்தாலும்...”

“கற்பிச்சது யாருங்க?”

“ஓர் ஆசிரியை. இப்போது வெளிநாட்டில்.”

“எந்த நாட்டுல?”

“வெளிநாட்டில்,” என்றார் சின்னமுத்து அழுத்தமாக.

பரிமளம் பதிவேட்டுப் பிரதியை விரித்தாள். இருபத்திரண்டு பெண்களின் பெயர். ஜூன், ஜூலை இரண்டு மாதங்கள். வந்த நாளுக்கு ஒன்று, வராத நாளுக்குச் சுழி. அங்கங்கே அரை என்றும் எழுதியிருந்தது.

அதைக் கண்டதும் சின்னமுத்துவின் முகம் மலர்ந்தது. “பார்த்தீர்களா? அரை நாள் வந்தவர்களுக்கு அரை! பொய் எழுதுகிறவன் எல்லாருக்கும் முழுநாள் அல்லவா போடுவான்? மூன்று மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். மூவரும் இந்த அரைகளைப் பார்த்துவிட்டு, ‘மிக நேர்மையான பதிவேடு’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.”

“அரை ஆளா வந்தாங்க தலைவர்?” என்றான் முஹ்ஸின். “தலை மட்டும் வந்திச்சா, கால் மட்டும் வந்திச்சா?”

“யார் இந்த ஆள்?”

“என் உதவியாளர். நல்லா ஓட்டோ ஓட்டுவாரு,” என்றாள் பரிமளம். அவள் கண் தாளை விட்டு எழவில்லை. ஜூன் பதினொன்றாம் திகதி இருபத்திரண்டு பேருக்கும் அரை. பதினாலாம் திகதியும் அப்படியே. ஜூலை மூன்று, ஒன்பது. நாலு நாள், ஒருவர் விடாமல் அரை. ஏதோ ஒன்று அவள் நெஞ்சில் நெருடியது. இந்த அரையை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள்.

“கடிதம் தர முடியாதுங்களா?”

“நிலையத்தின் கௌரவத்தை நான் விற்பதா?” என்று கேட்டுவிட்டு, சின்னமுத்து தம் படங்களின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

*

ஹந்தானைப் பாதையில் ஓட்டோ முக்கிக்கொண்டு ஏறியது.

“இது ஏத்தம் இல்ல மிஸ், என்ட வண்டிக்குக் குடுத்த தண்டன,” என்றான் முஹ்ஸின். “ஒண்டு சொல்லுங்க. அரைநாளுக்கு ஏன் இப்படி யோசிக்கிறீங்க? அந்த மனுசன் கள்ளப் பதிவில ஒரு உண்மையப் போட்டு அழகு பாத்தீக்கிறாரு.”

“அவ்வளவு மூளை இருந்தா அவரு மாலை போட்டுக்க மாட்டாரு.”

மணி ஒன்றரை. நல்லம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். இடக் காலைச் சற்று இழுத்து நடந்தாள்.

“கெடைச்சிருச்சா அக்கா?”

“இன்னும் இல்ல. மொதல்ல இதச் சொல்லு. மலையொளியில ஒன் அடையாள அட்டை எப்படிப் போச்சு?”

“மே மாசம் சீலை குடுக்குறோம்னு கூப்புட்டாங்க. இருபத்திரெண்டு பேரு போனோம். அட்டைய வாங்கி நம்பர எழுதிக்கிட்டாங்க. ஒரு காகிதத்த எல்லார் கையிலயும் குடுத்துப் படம் புடிச்சாங்க. அப்புறம் காகிதத்த வாங்கிக்கிட்டாங்க.”

“சீலை?”

“சோத்துப் பார்சல் குடுத்தாங்க அக்கா. அதுல மீனு கூட இல்ல.”

பரிமளத்துக்குப் பற்றி எரிந்தது. இருபத்திரண்டு பெண்களின் எதிர்காலத்தை ஒரு மரக்கறிச் சோற்றுக்கு வாங்கியிருக்கிறான்! திருடன் இருட்டில் வந்து திருடுவான். இந்தத் தரும சீலன் பட்டப்பகலில், புகைப்படக்காரனை வைத்துக்கொண்டு திருடியிருக்கிறான். கேட்டால் தொண்டு என்பான். திருடனுக்காவது ஓடத் தெரியும். இவனுக்குக் கைகூப்பி நிற்கத்தான் தெரியும்.

“பெரியாஸ்பத்திரி டாக்டரு முட்டியப் பாத்தாரு அக்கா,” என்றாள் நல்லம்மா மெதுவாக. “இன்னும் ஒரு வருஷம் மலை ஏறினா, அப்புறம் வீட்டுப் படிகூட ஏற முடியாதுன்னுட்டாரு. ரபீகா அம்மாகிட்ட ஒக்காந்து செய்யிற வேலை. இது போச்சுன்னா...”

பரிமளத்தின் பார்வை அவளைத் தாண்டி அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவின் சுவருக்குப் போயிருந்தது. அங்கே ஒரு நகைக்கடைக் கலண்டர். ஒவ்வொரு திகதியின் கீழும் பென்சில் குறி: சிலவற்றுக்கு நீளக் கோடு, சிலவற்றுக்குக் குட்டைக் கோடு, சிலவற்றுக்கு வட்டம்.

“இது என்னா நல்லம்மா?”

“பேரு குறிச்சு வச்சிருக்கேன். கந்தோர்ல பேர முழுங்கிருவாங்கன்னு நாங்க எல்லாரும் வீட்டுல குறிச்சுக்குவோம். நீளக் கோடு முழுப்பேரு. குட்டை அரைப்பேரு. வட்டம்னா வேலைக்குப் போகல.”

“பேரா?” என்றான் முஹ்ஸின்.

“ஒரு நாள் சம்பளத்துக்குத் தோட்டத்துல ஒரு பேருன்னு சொல்லுவோம்,” என்றாள் பரிமளம். அவளும் லயத்தில் பிறந்தவள். சொல்லும்போதே நெஞ்சில் கிடந்த நெருடல் கரைந்து ஓடியது. தாளைக் கலண்டரோடு சேர்த்துப் பிடித்தாள். ஜூன் பதினொன்று: குட்டைக் கோடு. பதினாலு: குட்டை. ஜூலை மூன்று, ஒன்பது: குட்டை. ஜூன் இருபது வட்டம், பதிவேட்டிலும் சுழி.

“அந்த நாலு நாளும் ஏன் அரைப்பேரு?”

“பேய் மழை அக்கா. மத்தியானத்தோட மலைய விட்டு எறக்கிட்டாங்க. எங்க டிவிசன் முழுக்க அரைப்பேருதான்.”

முஹ்ஸின் வாயைப் பிளந்தான். “அப்ப அந்தத் தலைவரு...”

“மருமகன்கிட்ட தோட்டத்துல பேரு போடுற செக்ரோல் புத்தகத்த வாங்கி, நாள் தவறாமப் பாத்து எழுதியிருக்காரு. முப்பது வருஷம் அரைப்பேரு போட்டுப் பழகின கை. எதுக்கு அரைன்னு யோசிக்காமலே போட்டிருக்கு.” அவள் நல்லம்மாவின் பக்கம் திரும்பினாள். “இந்தக் கலண்டரு எனக்கு வேணும். திரும்பி வராது.”

“எடுத்துக்குங்க. வருஷம்தான் முடியப்போகுதே.”

“நீயும் கெளம்பு. நாலு மணிக்கு முன்னாடி நீ அந்த மேசைக்கு முன்னால நிக்கணும்.”

*

மூன்று மணிக்குச் சின்னமுத்துவின் மேசைமேல் கலண்டரையும் பதிவேட்டையும் அருகருகே விரித்து வைத்தாள் பரிமளம். நல்லம்மா வெளியே ஓட்டோவில் இருந்தாள்.

தலைவர் இரண்டையும் பார்த்தார். நெற்றி வியர்த்தது. ஆனால் மேடையேறிப் பழகிய நாக்கு அவ்வளவு எளிதில் சரணடைவதில்லை.

“இதில் என்ன ஆச்சரியம்? திட்டத்தின் பெயரே தொழிலிடப் பயிற்சி. தோட்டம்தானே அவர்கள் தொழில் செய்யும் இடம்? அங்கேயே, குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவிலே, வேலை நாட்களில் பயிற்சி நடந்தது. ஆகவே நாட்கள் பொருந்தத்தான் செய்யும்!”

முஹ்ஸின் ஒரு கணம் திகைத்துப் போனான். பொய் என்றாலும் வேலைப்பாடு உள்ள பொய்.

“சரிங்க,” என்றாள் பரிமளம். “அந்த நாலு நாளும் அரையோட ஏன் நிப்பாட்டினீங்க?”

“மழை! கடுமையான மழை!”

“பிள்ளைக் காம்பராவுக்குக் கூரை இருக்குதுங்களா?”

“இருக்கிற...” சின்னமுத்து நிறுத்திக்கொண்டார்.

“மழை பெஞ்சா கொழுந்து பறிக்க முடியாது. மலையை விட்டு எறக்குவாங்க, அரைப்பேரு போடுவாங்க. கூரைக்குக் கீழ ஒக்காந்து தைக்கிறவளுக்கு மழை என்னா செய்யும்? நூலு நனையுமா?”

“ஊசி துருப்பிடிக்கும் மிஸ்,” என்றான் முஹ்ஸின்.

மேடைத்தமிழ் அந்த இடத்தில் சின்னமுத்துவைக் கைவிட்டது. பொன்னாடைக்கு அடியில் இருந்த பழைய கிளாக்கர் வெளியே வந்தார்.

“இங்க பாரும்மா. ஒனக்கு அந்தப் புள்ளையோட பேருதானே வேணும்? எடுத்துத் தாரேன். மத்த இருபத்தொரு பேரப் பத்தி ஒன்கிட்ட யாரும் கேக்கல. அதக் கெளறாத. இந்தக் கலண்டர என்கிட்ட குடுத்துடு.”

பரிமளம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து.

“கடிதத்துல காரணம் வேணுமாம். காரணத்த நீங்களே சொல்லுங்க. நான் எழுதுனா ஒங்க கௌரவத்துக்குச் சரிவராது.”

கௌரவம் என்ற சொல் வேலை செய்தது. சின்னமுத்து பேனாவைத் திறந்து, வாசகத்தை ரசித்து ரசித்து எழுதலானார்: ‘மேற்படி நல்லம்மா குறித்த நாட்களில் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோட்ட வேலை நாட்களும், மழையின் நிமித்தம் அவருக்கு இடப்பட்ட நான்கு அரைப்பேர்களும், எழுதுவோரின் கவனக்குறைவால் எமது பயிற்சிப் பதிவேட்டில் பிரதிசெய்யப்பட்டுவிட்டன.’ கையொப்பம். முத்திரை. மேலும் ஒரு முத்திரை.

ஒரு பெண்ணைப் பலிகொடுத்து இருபத்தொரு பெண்களைக் காப்பாற்றிக்கொண்ட திருப்தியோடு கலண்டரை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஓட்டோ கிளம்பியதும் முஹ்ஸின் வாயைத் திறந்தான். இந்தத் தடவை வந்தது நகைச்சுவை அல்ல.

“மிஸ், கையில ஈந்த ஒரே சாட்சியையும் குடுத்துட்டீங்க. இருபத்தொரு பேர வித்து ஒரு ஆள வாங்கிட்டு வாறோம். இதுக்கா நான் அந்த மலை ஏறின?”

பின்னாலிருந்து நல்லம்மாவின் குரல் வந்தது. “அப்ப வீரம்மா, ரத்தினம்மா அவுங்க எல்லாம் அக்கா? அடுத்த தடவை அவுங்க போனா, கம்ப்யூட்டரு அவுங்களையும் வெளிய தள்ளுமே. எனக்கு மட்டும்னா... எனக்கு எப்படி அது ஒட்டும்?”

“வண்டிய ஓட்டுங்க முஹ்ஸின்,” என்றாள் பரிமளம். “மணி மூணரை.”

*

மஹ்ரூப் கடிதத்தை ஒரு முறை வாசித்தார். “எல்லாம் சரி. பேர எடுத்துர்றேன்.”

“ஒரு நிமிஷங்க. ‘மழையின் நிமித்தம் இடப்பட்ட நான்கு அரைப்பேர்கள்.’ அந்த வரிய இன்னொரு தடவை படிங்க.”

படித்தார்.

“நல்லம்மாவுக்கு விழுந்த அரை, தோட்டத்துல இருந்து எடுத்து எழுதினதுன்னு தலைவரே கையொப்பம் வச்சுச் சொல்றாரு. இப்ப ஒங்க பதிவேட்ட எடுங்க. ஜூன் பதினொன்னு, பதினாலு. ஜூலை மூணு, ஒம்பது. நல்லம்மாவுக்கு மேலயும் கீழயும் பாருங்க.”

மஹ்ரூப் கோப்பை இழுத்தார். அவருடைய விரல் முதல் பெயரிலிருந்து இறங்கத் தொடங்கியது. அரை. அரை. அரை. இருபத்திரண்டாவது பெயரில் நின்றது. மறுபடி பதினாலாம் திகதிக்குப் போய் இறங்கியது. நாலாவது நாளில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எல்லாருக்கும் அதே நாலு நாள்,” என்றார். “ஒருத்திக்கு இது தோட்டத்துப் பதிவெண்டா, இருபத்திரண்டு பேருக்கும் அதுதான்.”

“கலண்டரு என்னோட சாட்சி. அத ஒத்துக்கிறதும் தள்ளுறதும் ஒங்க இஷ்டம். இது அவரோட சாட்சி. ரெண்டு முத்திரை வேற போட்டிருக்காரு.”

முஹ்ஸின் சுவரில் சாய்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். “அல்லாவே! அந்த மனுசன் கலண்டரப் பூட்டி வச்சிட்டு, தன்னையே எழுதி உறையில போட்டுத் தந்தீக்கிறாரு!”

மூன்று மதிப்பீட்டாளர்களின் கண்ணுக்கு நேர்மையாகத் தெரிந்த அரை அது. மூவரும் படித்தவர்கள், மூவருக்கும் வாகனம் உண்டு. அந்த வாகனத்தில் ஒரு நாள் ஹந்தானைக்கு ஏறி, கொழுந்து பறிக்கும் எந்தப் பெண்ணையாவது நிறுத்தி, அரை என்றால் என்ன என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ஏழையைப் பற்றி எழுதக் கூச்சப்படாத இந்த நாடு, ஏழையிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் கூச்சப்படுகிறது.

மஹ்ரூப் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் பேசினார்; குரல் முதலில் தாழ்ந்திருந்தது, பிறகு நிமிர்ந்தது. வைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். வீரம்மா போனாள். ரத்தினம்மா போனாள். இருபத்தொரு பெயர்களும் ஒவ்வொன்றாக மலையொளியின் பட்டியலிலிருந்து விடுபட்டன. கடைசியாக நல்லம்மா. மணி நாலுக்கு இன்னும் ஆறு நிமிடம்.

பிறகு ரபீகாவின் பட்டியலைத் திறந்து, பத்தாவது இடத்தில் நல்லம்மாவின் இலக்கத்தை அடித்தார்; இந்தத் தடவை கணினி ஏற்றுக்கொண்டது. “கிட்ட வாங்க. கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. முன்பு தையல் பயிற்சி பெற்றது உண்டா?”

“இல்லீங்க.”

“சான்றிதழ் ஏதும்?”

“இல்லீங்க.”

“தையல் இயந்திரம் இயக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க ஐயா. ஊசியில நூலு கோக்கவே கண்ணச் சுருக்கணும்.”

ஒவ்வொரு ‘இல்லை’யையும் மஹ்ரூப் பக்தியோடு அடித்தார். அச்சு இயந்திரம் இரைந்து, ஒரு தாளைத் துப்பியது. அவர் அதில் முத்திரை குத்தி நல்லம்மாவிடம் நீட்டினார். அவளுக்கு வாசிக்க வராது. பரிமளம் வாசித்துக் காட்டினாள்: நல்லம்மாவுக்குத் தையல் தொழிலில் எந்த அறிவும் இல்லை என்று அரசாங்கம் இதனால் உறுதிப்படுத்துகிறது.

நல்லம்மா அந்தத் தாளை இரு கையாலும் வாங்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.